இல. 45/3, உள் வீடு: எக்ஸ்பாத்துக்கு ஓர் அறிமுகம்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டை முதன்முறையாகத் தேடிப் போனவர்களுக்குச் சாய்கோட்டின் அருமை தெரியும். 'இல. 45/3' என்று விலாசம் தருவார்கள். காலி வீதியில் இறங்கி, கடல் பக்கம் போகும் ஒழுங்கைக்குள் நுழைந்து, 45ஆம் இலக்கத்தைக் கண்டுபிடித்து மணியடித்தால், "அது இங்கே இல்லை, பக்கத்து நடையால் உள்ளே போங்கோ" என்பார்கள். ஒரு காலத்தில் 45 என்பது ஒரே வளவு. பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, பிறகு துண்டு துண்டாக விற்று, அதற்குள் நாலைந்து வீடுகள் எழும்பிவிட்டன. 45/3 என்றால் 45க்குள் இருக்கும் மூன்றாவது. 45/3/1 என்றால் அந்த மூன்றாவதற்குள்ளும் இன்னொன்று.

எக்ஸ்பாத்தில் வரும் சாய்கோடும் இதே வேலையைத்தான் செய்கிறது: 'இதற்குள் போ' என்கிறது. எக்ஸ்எம்எல் (XML) என்பது பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய தரவு. எக்ஸ்பாத் (XPath) அந்தப் பெட்டிகளுக்கு விலாசம் எழுதும் மொழி. எக்ஸ்எஸ்எல்டி (XSLT) அந்த விலாசங்களைக் கையில் வைத்துக்கொண்டு, இருக்கும் தரவை வேறு வடிவில் எழுதித் தரும் மொழி. விலாசம் பிழைத்தால் மற்ற எல்லாமே பிழைக்கும் என்பதால், நான் விலாசத்தில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

கையில் ஒரு மாதிரி வேண்டும். ஒரு சின்னத் தொடர்மாடியின் மாதக் கட்டணக் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

    <தொடர்மாடி>
      <பெயர்>கடலோரம்</பெயர்>
      <மாடி எண்="1">
        <வீடு இல="1/1">
          <பெயர்>ரீச்சர் அன்ரி</பெயர்>
          <கட்டணம் வகை="பராமரிப்பு">8000</கட்டணம்>
          <கட்டணம் வகை="தண்ணீர்">1450</கட்டணம்>
        </வீடு>
        <வீடு இல="1/2">
          <பெயர்>டொக்டர் அங்கிள்</பெயர்>
          <கட்டணம் வகை="பராமரிப்பு">8000</கட்டணம்>
          <வாகனம்>
            <பெயர்>கார்</பெயர்>
            <கட்டணம் வகை="தரிப்பிடம்">3000</கட்டணம்>
          </வாகனம்>
        </வீடு>
      </மாடி>
      <மாடி எண்="2">
        <வீடு இல="2/1">
          <பெயர்>சித்தப்பா</பெயர்>
          <கட்டணம் வகை="பராமரிப்பு">8000</கட்டணம்>
          <கட்டணம் வகை="தண்ணீர்">2100</கட்டணம்>
          <வாகனம்>
            <பெயர்>ஓட்டோ</பெயர்>
            <கட்டணம் வகை="தரிப்பிடம்">1500</கட்டணம்>
          </வாகனம்>
        </வீடு>
      </மாடி>
    </தொடர்மாடி>

பெட்டிகளின் பெயர்களான இந்தக் குறிச்சொற்களைத் தமிழில் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக எழுதலாம். எக்ஸ்எம்எல் 1.0 1998 பெப்ரவரியில் வெளியானபோதே யூனிகோட் எழுத்துகளில் பெயர் வைக்க இடம் கொடுத்திருந்தார்கள். முக்கியமாக, பெயருக்குள் இடைவெளி வரக்கூடாது, இலக்கத்தில் தொடங்கக்கூடாது. ஆனால் எக்ஸ்பாத், எக்ஸ்எஸ்எல்டி இரண்டுக்கும் சொந்தமான கட்டளைச் சொற்கள் ஆங்கிலம். அவற்றை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். உங்கள் கோப்பில் ஆங்கில எழுத்தில் (xsl:template, match, xsl:value-of, select, sum, xsl:apply-templates, xsl:for-each) தட்டுங்கள், இல்லாவிட்டால் ஓடாது.

இப்போது விலாசங்கள். எல்லா வீடுகளும் வேண்டும் என்றால்:

    /தொடர்மாடி/மாடி/வீடு

தொடக்கத்தில் உள்ள சாய்கோடு 'ஆவணத்தின் உச்சியிலிருந்து ஆரம்பி' என்கிறது. அப்புறம் ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் ஒரு படி இறங்குகிறோம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். மாடி என்று ஒருமையில்தான் எழுதினோம், ஆனால் இரண்டு மாடிகளுக்குள்ளும் எக்ஸ்பாத் போய்வந்துவிட்டது. தபால்காரருக்குக் கொடுக்கும் விலாசம் ஒரு வீட்டைக் காட்டும். எக்ஸ்பாத் விலாசம் பொருந்துகிற எல்லா வீடுகளையும் அள்ளிக்கொண்டு வரும். இங்கே மூன்று வீடுகள் கிடைக்கும். நிரல்மொழிகளில் ஊறியவர்கள் 'சுழல் எங்கே?' என்று தேடுவார்கள். விலாசத்துக்குள்ளேயே அது இருக்கிறது.

இரட்டைச் சாய்கோடு 'எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் சரி' என்று பொருள்படும். //வீடு என்றாலும் அதே மூன்று வீடுகள்தான். இதைக் கண்டதும் பலருக்கு ஒற்றைச் சாய்கோடு மறந்துபோகும். ஆசை புரிகிறது, ஆனால் //பெயர் என்று போட்டுப் பாருங்கள். மூன்று பெயர் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள், ஆறு வரும். தொடர்மாடிக்கு ஒரு பெயர், வீட்டுக்காரர்களுக்கு மூன்று, காருக்கும் ஓட்டோவுக்கும் இரண்டு. //வீடு//பெயர் என்று கொஞ்சம் ஒடுக்கினாலும் ஐந்து வரும். //வீடு/பெயர் என்று எழுதினால்தான், வீட்டுக்கு நேர் கீழே உள்ள பெயரை மட்டும் எடுத்து, மூன்றைத் தரும். ஒரே ஒரு சாய்கோட்டின் வித்தியாசம். பெட்டிக்குள் பெட்டியாக உள்ள தரவில் ஒரே பெயர் பல ஆழங்களில் வருவது சாதாரணம், அதனால் கோப்பின் அமைப்பு தெரிந்திருந்தால் ஒற்றைச் சாய்கோட்டோடு படிப்படியாகப் போவதே நல்லது என்பது என் கட்சி.

குறிச்சொல்லுக்குள்ளேயே எழுதிய விவரங்களை எடுக்க @ குறி. //வீடு/@இல என்றால் வீட்டு இலக்கங்கள். மேலே ஏற இரண்டு புள்ளி. //வாகனம்/../பெயர் என்பது வாகனத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வீட்டுக்கு ஏறி, அந்த வீட்டுக்காரர் பெயரை எடுக்கும்: டொக்டர் அங்கிள், சித்தப்பா.

எக்ஸ்பாத்தின் உண்மையான பலம் சதுர அடைப்புக்குறியில் இருக்கிறது. அது வடிகட்டி.

    //வீடு[வாகனம்]

இதை 'வாகனம் உள்ள வீடுகள்' என்று அப்படியே தமிழில் வாசிக்கலாம். கையில் கிடைப்பது வீடு. வாகனம் வெறும் நிபந்தனை. //வீடு/வாகனம் என்றால் கையில் கிடைப்பது வாகனம். புதிதாகப் படிக்கிறவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது வழக்கம், நானும் போட்டிருக்கிறேன். வடிகட்டிய பிறகு பயணத்தைத் தொடரவும் முடியும்:

    //வீடு[@இல='2/1']/கட்டணம்[@வகை='தண்ணீர்']

சித்தப்பா வீட்டின் தண்ணீர்க் கட்டணம், 2100. மேற்கோள் குறிக்குள் உள்ள '2/1'இன் சாய்கோடு வெறும் எழுத்துதான், எக்ஸ்பாத் அதைத் தொடாது.

அடைப்புக்குறிக்குள் ஓர் இலக்கத்தைப் போட்டால் 'இத்தனையாவது' என்று பொருள். இங்கே ஒரு குழி இருக்கிறது. //வீடு[1] என்று எழுதினால் முதல் வீடு ஒன்று வரும் என்று நினைப்பீர்கள். இரண்டு வரும்: 1/1, 2/1. காரணம், [1] என்பது 'தன் மாடிக்குள் முதலாவது' என்று எண்ணுகிறது. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு முதல் வீடு உண்டே. முழுக் கட்டடத்திலும் முதலாவது வீடு வேண்டும் என்றால் (//வீடு)[1] என்று வளைவு அடைப்புக்குறி போட வேண்டும். முதலில் எல்லா வீடுகளையும் ஒரு வரிசையில் நிறுத்து, பிறகு எண்ணு என்று அர்த்தம். கணக்கில் அடைப்புக்குறிக்கு முதலிடம் என்று சின்ன வகுப்பில் படித்தோமே, அதேதான்.

சரி, எக்ஸ்எஸ்எல்டிக்கு வருவோம். எக்ஸ்பாத் 1.0, எக்ஸ்எஸ்எல்டி 1.0 இரண்டும் 1999 நவம்பர் 16 அன்று ஒரே நாளில், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பின் பரிந்துரைகளாக வெளிவந்தன. ஜேம்ஸ் கிளார்க்கின் பெயர் இரண்டிலும் தொகுப்பாளராக இருக்கிறது. எக்ஸ்எஸ்எல்டிக்கும் எக்ஸ்பாயின்டர் என்ற இன்னொரு தரநிலைக்கும் விலாசம் எழுதும் வழி ஒன்று பொதுவாகத் தேவைப்பட்டதால்தான் எக்ஸ்பாத்தைத் தனியாகப் பிரித்தார்கள். 2.0 பதிப்புகள் 2007இல் வந்தன, எக்ஸ்எஸ்எல்டி 3.0 2017இல் வந்தது. ஆனாலும் லினக்ஸில் கிடைக்கும் எக்ஸ்எஸ்எல்டிபிராக் போன்ற கருவிகள் இன்னமும் 1.0தான் பேசும். புதிய பதிப்பு வேண்டுமானால் சாக்ஸன் போன்ற கருவியைத் தேட வேண்டும். கற்க 1.0 போதும்.

எக்ஸ்எஸ்எல்டியில் நாம் எழுதுவது பெரும்பாலும் டெம்ப்ளேட்கள். ஒவ்வொரு டெம்ப்ளேட்டும் 'இப்படி ஒன்றைக் கண்டால் இப்படி எழுது' என்ற ஒரு விதி. வீட்டுக்கு ஒரு பில் எழுதும் விதி இது:

    <எக்ஸ்எஸ்எல்:டெம்ப்ளேட் மேட்ச்="வீடு">
      <பில்>
        <யாருக்கு><எக்ஸ்எஸ்எல்:வேல்யூ-ஆஃப் செலக்ட்="பெயர்"/></யாருக்கு>
        <மாடி><எக்ஸ்எஸ்எல்:வேல்யூ-ஆஃப் செலக்ட்="../@எண்"/></மாடி>
        <மொத்தம்><எக்ஸ்எஸ்எல்:வேல்யூ-ஆஃப் செலக்ட்="சம்(.//கட்டணம்)"/></மொத்தம்>
      </பில்>
    </எக்ஸ்எஸ்எல்:டெம்ப்ளேட்>

மேட்ச் 'எதைக் கண்டால்' என்பதைச் சொல்கிறது. வேல்யூ-ஆஃப், செலக்ட்டில் உள்ள விலாசத்தில் இருப்பதை எழுதும். சம் கூட்டும். 'பெயர்' என்று மொட்டையாக எழுதியிருக்கிறேன். முன்னால் சாய்கோடு இல்லை. யாருடைய பெயர்? இந்த விதி எந்த வீட்டில் நின்று ஓடுகிறதோ அந்த வீட்டின் பெயர். எக்ஸ்எஸ்எல்டியில் எப்போதும் நீங்கள் ஓர் இடத்தில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். சாய்கோட்டில் தொடங்காத விலாசம் எல்லாம் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அளக்கப்படும். 45ஆம் வளவின் வாசலில் நிற்பவருக்கு 'உள்ளே மூன்றாவது' என்றால் போதும். கொழும்பு 6 என்பதிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

இது விளங்காமல் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. எங்கள் தொடர்மாடியில் மாதக் கட்டணச் சீட்டு அச்சடிக்கும் வேலை, கணினி படித்த பிள்ளை என்பதால், என் தலையில் விழுந்தது. செலக்ட்டில் //பெயர் என்றும் சம்(//கட்டணம்) என்றும் எழுதினேன். உள்ளே எங்கோ இருக்கிறது, இரட்டைச் சாய்கோடு தேடிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. சரிபார்க்காமல் அச்சடித்துக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டேன். மேலே உள்ள மாதிரிக் கணக்கில் வைத்துச் சொன்னால், எல்லாச் சீட்டிலும் பெயர் 'கடலோரம்', எல்லாச் சீட்டிலும் தொகை 32050. அன்று பின்னேரம் கீழ்மாடி ரீச்சர் அன்ரி சீட்டும் கையுமாக வாசலில் நின்றார். "தம்பி, முழு பிளட்ஸுக்கும் நான்தானோ காசு கட்டவேணும்?"

அவர் கேட்டது சரிதான். சாய்கோட்டில் தொடங்கும் விலாசம், ஒற்றையோ இரட்டையோ, நீங்கள் எந்த வீட்டில் நின்றாலும் உங்களை ஆவணத்தின் உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். அங்கிருந்து //பெயர் தேடினால் கிடைக்கும் ஆறில் முதலாவது தொடர்மாடியின் பெயர், 1.0இல் வேல்யூ-ஆஃப் முதலாவதை மட்டும்தான் எழுதும். சம் மட்டும் எல்லாவற்றையும் கூட்டிவிடும். திருத்தம் ஒரே ஒரு புள்ளி: .//கட்டணம். அந்தப் புள்ளிக்கு 'நான் நிற்கும் இடம்' என்று பொருள். அப்படிப் போட்டால் அன்ரிக்கு 9450, டொக்டர் அங்கிளுக்கு 11000, சித்தப்பாவுக்கு 11600. புள்ளியோடு இரட்டைச் சாய்கோட்டையும் எடுத்துவிட்டு 'கட்டணம்' என்று மட்டும் எழுதினால் அன்ரியின் தொகை மாறாது, ஆனால் டொக்டர் அங்கிளுக்கு 8000தான் வரும். காரின் தரிப்பிடக் கட்டணம் வாகனத்துக்குள் ஒரு படி கீழே இருப்பதால் அது விடுபட்டுப் போகும். அவர் முறைப்பாடு செய்ய மாட்டார், அதுதான் இந்தப் பிழையின் ஆபத்து.

கூட்டல் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்று. நம்மூர்ப் பழக்கத்தில் யாராவது தொகையை 8000/= என்று தட்டிவைத்தால் சம் தடுமாறி, 'இலக்கமில்லை' என்பதைக் குறிக்கும் NaN என்ற விடையைத் தரும். 8,000 என்று காற்புள்ளி போட்டாலும் அதே கதி. ஒரு வீட்டில் ஒரு தொகை அப்படி இருந்தாலே அந்த வீட்டின் மொத்தம் முழுவதும் போய்விடும்.

மேலே உள்ள ஒற்றை டெம்ப்ளேட்டை மட்டும் வைத்து ஓட்டினால் பில்களுக்கு மேலே 'கடலோரம்' என்று ஒரு சொல் அநாதையாக வந்து விழும். நீங்கள் எழுதச் சொல்லாததை யார் எழுதினார்கள்? எக்ஸ்எஸ்எல்டிக்குள் சொல்லாமலே சில விதிகள் உண்டு. விதி எழுதப்படாத பெட்டியைக் கண்டால் அதற்குள் இறங்கிப் போகும். வெறும் எழுத்தைக் கண்டால் அப்படியே படியெடுக்கும். தொடர்மாடிக்கும் அதன் பெயருக்கும் நாம் விதி எழுதவில்லை, அதனால் அது தன் இஷ்டத்துக்கு இறங்கி, பெயரைக் கொட்டிவிட்டது. உச்சியில் நின்று எதை எடுக்க வேண்டும் என்று நாமே சொல்லிவிட்டால் பிரச்சினை தீரும்:

    <எக்ஸ்எஸ்எல்:டெம்ப்ளேட் மேட்ச்="/தொடர்மாடி">
      <பில்கள்>
        <எக்ஸ்எஸ்எல்:அப்ளை-டெம்ப்ளேட்ஸ் செலக்ட்="மாடி/வீடு"/>
      </பில்கள்>
    </எக்ஸ்எஸ்எல்:டெம்ப்ளேட்>

அப்ளை-டெம்ப்ளேட்ஸ் என்பது 'இவற்றை எடு, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான விதியை ஓட்டு' என்ற கட்டளை. இதே வேலையை ஃபார்-ஈச் என்ற சுழலாலும் செய்யலாம், பழகிய மொழிகளின் சாயலில் இருப்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். தட்டையான பட்டியலுக்கு அது போதும். ஆழம் முன்கூட்டியே தெரியாத தரவில்தான் டெம்ப்ளேட் தன் மதிப்பைக் காட்டும்.

கொழும்பில் அதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அனெக்ஸ். வீட்டின் ஒரு பகுதியை மறித்து, தனிக் கதவு வைத்து, வாடகைக்கு விடுவார்கள். சித்தப்பாவும் அப்படி ஒன்றை விட்டிருக்கிறார் என்று வையுங்கள். தரவில் அது வீட்டுக்குள் இன்னொரு வீடு:

    <வீடு இல="2/1">
      <பெயர்>சித்தப்பா</பெயர்>
      ...
      <வீடு இல="2/1A">
        <பெயர்>அனெக்ஸ் பிள்ளைகள்</பெயர்>
        <கட்டணம் வகை="தண்ணீர்">900</கட்டணம்>
      </வீடு>
    </வீடு>

வீட்டுக்கான டெம்ப்ளேட்டில், பில் முடிந்த கையோடு, அப்ளை-டெம்ப்ளேட்ஸ் செலக்ட்="வீடு" என்று ஒரு வரி சேர்த்தால் போதும் (../@எண் மட்டும் அனெக்ஸ் பில்லில் வெறுமையாக வரும், அங்கே ஒரு படி மேலே இருப்பது மாடி அல்ல, வீடு). உள்ளே வீடு இருந்தால் அதே விதி அதற்கும் ஓடும்; அதற்குள்ளும் ஒன்று இருந்தால் அதற்கும். இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. எத்தனை சாய்கோடு வரும் என்று நாம் எண்ணத் தேவையில்லை.

ஆனால் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த .//கட்டணம் இப்போது கெட்டுப்போகும். அது எவ்வளவு ஆழத்துக்கும் போகுமே, அனெக்ஸுக்குள்ளும் நுழைந்து அந்த 900ஐச் சித்தப்பா தலையில் கட்டி 12500 ஆக்கிவிடும். அனெக்ஸுக்குத் தனியாக 900 பில்லும் போகும். ஆகவே வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி எடுக்க வேண்டும்:

    சம்(கட்டணம் | வாகனம்/கட்டணம்)

நடுவில் உள்ள நேர்கோடு இரண்டு விலாசங்களையும் சேர்த்துக் கொடுக்கும். சித்தப்பாவுக்குத் திரும்பவும் 11600. மேலே சொன்ன என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மாதிரிக் கோப்பில் எல்லாம் ஓடி, வேலையிடத்துக் கோப்பில் ஒன்றுமே அகப்படாமல் போகும் நாள் ஒன்று உங்களுக்கும் வரும். பத்தில் எட்டுத் தடவை காரணம் நேம்ஸ்பேஸ், அதாவது ஒரு பெயர் எந்த 'ஊரை'ச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம். கோப்பின் முதல் குறிச்சொல்லில் எக்ஸ்எம்எல்என்எஸ் (xmlns) என்று ஓர் இணைய முகவரியோடு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டேஷன் ரோட் வெள்ளவத்தையிலும் உண்டு, தெஹிவளையிலும் உண்டு. வெறுமனே ஸ்டேஷன் ரோட் என்றால் ஓட்டோக்காரர் 'எந்த ஸ்டேஷன்?' என்று கேட்பார். எக்ஸ்பாத் 1.0 கேட்காது. முன்னொட்டு இல்லாத பெயர் என்றால் எந்த ஊரையும் சேராத பெயர் என்று தானே முடிவுகட்டி, வெறுங்கையோடு திரும்பும். அதே இணைய முகவரிக்கு உங்கள் எக்ஸ்எஸ்எல்டி கோப்பில் 'க' என்று ஒரு முன்னொட்டு அறிவித்து, //க:வீடு/க:பெயர் என்று ஒவ்வொரு படியிலும் அதைச் சேர்த்து எழுத வேண்டும்.

மிச்சமிருக்கும் இரண்டு தடவைகளில் ஒன்று தமிழுக்கே உரியது. எங்கள் கோப்பில் நேம்ஸ்பேஸ் இல்லை, எழுத்துப்பிழை இல்லை, ஆனாலும் /தொடர்மாடி/மாடி/வீடு ஒன்றையும் தரவில்லை. //வீடு மட்டும் மூன்றையும் தந்தது. ஆக, குற்றவாளி 'தொடர்மாடி' என்ற சொல். யூனிகோடில் 'தொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: தகரத்தோடு ஒகரக் குறியை ஒரே எழுத்துக்குறியாக, அல்லது எகரக் கொம்பும் அரவுமாக இரண்டு துண்டாக. திரையில் இரண்டும் ஒன்றே. எக்ஸ்பாத் எழுத்துக்குறிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுவதால் அதற்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி எடுத்துத் தரவில் ஒட்டும்போது இப்படிக் கலப்பு வர வாய்ப்புண்டு. எக்ஸ்பாத் 2.0இல் இவற்றை ஒரே வடிவாக்கும் நார்மலைஸ்-யூனிகோட் என்ற செயற்கூறு உண்டு, ஆனால் அது தரவுக்குள் உள்ள எழுத்தை ஒப்பிட உதவுமே தவிர, விலாசத்தில் நேரே எழுதிய குறிச்சொல்லைத் திருத்தாது. தரவுக் கோப்பில் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த அந்தச் சொல்லை அழித்துவிட்டு, விலாசம் எழுதிய அதே விசைப்பலகையால் திரும்பத் தட்டினேன். மூன்று வீடுகளும் வந்தன.